கோப்பைக்கு அடுத்த வருஷம்

எப்போதும் தோற்கும் அணிக்கு ரசிகனாக இருப்பது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை. பழகிவிடும். கோப்பை ஜெயித்த அணி, அடுத்த வருஷம் எடுத்த எடுப்பிலேயே தோற்க ஆரம்பித்தால்தான் கஷ்டம். போன வருஷம் வாங்கிய மஞ்சள் பனியன் இன்னும் சாயம்கூடப் போகாமல் அலமாரியில் இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்க முடியாது.

2022-ல் சென்னை சூப்பர் கிங்ஸ் ரசிகர்களுக்கு நடந்தது அதுதான். 2021 அக்டோபர் 15 அன்று துபாயில் கொல்கத்தாவை 27 ரன்னில் தோற்கடித்து நாலாவது கோப்பையைத் தூக்கினார்கள். ஐந்து மாதம் கழித்து, 2022 மார்ச் 26 அன்று, அதே கொல்கத்தாவிடம் முதல் மேட்சில் தோற்றார்கள். பிறகு லக்னோவிடம், பிறகு பஞ்சாபிடம், பிறகு ஹைதராபாத்திடம். வரிசையாக நாலு. ஐ.பி.எல். தொடங்கிய 2008 முதல் அதுவரை எந்த சீசனையும் இவர்கள் நாலு தோல்வியோடு ஆரம்பித்ததில்லை.

இந்தக் கதையை மும்பையில் உட்கார்ந்து நான் எழுதக் காரணம் உண்டு. அந்த நாலு தோல்வியும் நடந்தது சென்னையில் இல்லை, இங்கேதான். ஒன்று வான்கடே, இரண்டு பிரபோர்ன், ஒன்று நவி மும்பை டி.ஒய். பாட்டீல் ஸ்டேடியம். கொரோனாவுக்காக அந்த வருஷ லீக் ஆட்டங்கள் மொத்தத்தையும் மும்பையிலும் புனேயிலும் வைத்துக்கொண்டார்கள். மாட்டுங்கா, செம்பூர், தாராவி, முலுண்ட், வாஷி என்று சிதறிக் கிடக்கிற நம்மாட்களுக்கு, ஊர் அணி முதல்முறையாக இரண்டு மாதம் வாசலிலேயே தங்கியது. தங்கிய வருஷம் பார்த்துத் தோற்றது.

அந்தக் கோபம் ஏன் அவ்வளவு பெரியதாக இருந்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

2010-ல் கோப்பை. அடுத்த வருஷம் 2011-ல் மறுபடி கோப்பை. அதற்கு அடுத்த 2012-ல் ஃபைனல் வரை வந்து சேப்பாக்கத்திலேயே கொல்கத்தாவிடம் தோற்றார்கள். இரண்டு வருஷத் தடைக்குப் பிறகு திரும்பி வந்து 2018-ல் கோப்பை. 2019-ல் மறுபடி ஃபைனல், ஒரே ஒரு ரன்னில் தோல்வி. அதாவது, 2022-க்கு முன்னால் மூன்று முறை 'கோப்பைக்கு அடுத்த வருஷம்' வந்தது, மூன்று முறையும் ஃபைனல் ஆடினார்கள். ரசிகன் இதை ஒரு சம்பளம் மாதிரி எதிர்பார்க்கப் பழகிவிட்டான். முதல் தேதி வந்தால் வங்கியில் விழுந்திருக்க வேண்டும். 2020-ல் ஏழாவது இடத்துக்குப் போனது உண்மைதான். ஆனால் அது கோப்பைக்கு அடுத்த வருஷம் இல்லை. 'துபாய், கொரோனா, ரெய்னா இல்லை' என்று அதற்குக் கணக்குச் சொல்லிவிட்டோம். 2022-க்குச் சொல்ல கணக்கு இல்லாமல் திண்டாடினோம்.

நாலு மேட்சையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் மேட்சில் 61 ரன்னுக்கு 5 விக்கெட். தோனி 50 அடித்து 131 வரை இழுத்தார், போதவில்லை. இரண்டாவதில் 210 அடித்தும் தோல்வி. கடைசி இரண்டு ஓவரில் லக்னோவுக்கு 34 வேண்டும். 19-வது ஓவரை சிவம் துபே போட்டார், 25 ரன் போனது. மூன்றாவதில் 36 ரன்னுக்கு 5 விக்கெட், 54 ரன்னில் தோல்வி. நாலாவதில் 154 அடித்து, எட்டு விக்கெட்டில் தோல்வி.

நாலாவதற்கு நான் போயிருந்தேன். ஏப்ரல் 9, சனிக்கிழமை, மதியம் மூன்றரை மணி ஆட்டம். வாஷியில் ஹார்பர் லைன் ஏறினால் நெருள் மூன்றாவது ஸ்டேஷன். ரயிலில் பாதிப் பெட்டி மஞ்சள். நாலு வரிசை தள்ளி யாரோ 'டேய் மாப்ள' என்று சத்தமாகப் பேசுவதைக் கேட்பதே எங்களுக்கெல்லாம் ஒரு திருவிழா. இந்த ஊரில் 1960-களில் தென்னிந்தியர்களுக்கு எதிராகக் கிளம்பிய போராட்டத்தைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரயிலில் தமிழில் பேசும்போது அவர்கள் குரல் இப்போதும் தானாகத் தாழும். அவர்களின் பேரன் பேத்திகள் அன்றைக்கு விசில் அடித்துக்கொண்டு வந்தார்கள். திரும்பும்போது அதே பெட்டியில் ஒரு விசில் சத்தம் இல்லை. வசவுதான். அதில் முக்கால்வாசி ஒரே ஆளுக்கு.

ரவீந்திர ஜடேஜா.

சீசன் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது, மார்ச் 24 அன்று, தோனி கேப்டன் பதவியை விட்டார். அணியின் முதல் சீசனிலிருந்து அவர்தான் கேப்டன். நாற்காலி ஜடேஜாவிடம் வந்தது. முதல்தர ஆட்டங்களில்கூட கேப்டனாகப் பெரிய அனுபவம் இல்லாத ஒரு ஆல்ரவுண்டர் அவர். நாலு தோல்வி வந்ததும் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. ஃபீல்டிங் நிறுத்தத் தெரியவில்லை, பவுலரை மாற்றத் தெரியவில்லை, தோனிதான் பின்னால் இருந்து ஓட்டுகிறார், பிறகு இவர் எதற்கு? எங்கள் மாட்டுங்கா ஓட்டலில் இரண்டு டிகிரி காபி ஆறுவதற்குள் பத்துக் காரணம் வரும், பத்தும் ஜடேஜாவில் போய் முடியும். ஜடேஜா சலித்தால் ஏலத்தில் ரெய்னாவை எடுக்காத கதை. 'சின்ன தல' என்று கொண்டாடிய ஆளை எந்த அணியும் வாங்கவில்லை, நம் அணியும் வாங்கவில்லை. அந்த ஆத்திரம் பிப்ரவரியிலிருந்தே புகைந்துகொண்டிருந்தது.

நிஜமான காரணங்களை ஸ்கோர்கார்டில் தேடினால் கிடைக்கும். ஆனால் அதில் திட்டுவதற்கு ஆள் கிடைக்காது, அதுதான் சங்கடம்.

முதல் காரணம், புதுப் பந்து. எதிரணி ஆரம்ப ஜோடி அடித்த ரன்களைப் பாருங்கள். கொல்கத்தா 43, லக்னோ 99, ஹைதராபாத் 89. நாலில் மூன்று மேட்சில் பவர்பிளே ஆறு ஓவரும் விக்கெட்டே விழவில்லை. அந்த ஆறு ஓவரில் விக்கெட் எடுப்பதற்கென்றே இந்த அணியிடம் ஒருவர் இருந்தார், தீபக் சஹர். பிப்ரவரி ஏலத்தில் அவருக்கு 14 கோடி கொடுத்தார்கள். அந்த ஏலத்தில் அணி செய்த மிகப் பெரிய செலவு அது. ஏலம் முடிந்த ஒரே வாரத்தில், கொல்கத்தாவில் இந்தியாவுக்காக ஆடும்போது தொடைத் தசை கிழிந்தது. அது ஆறிக்கொண்டிருக்கும்போது முதுகில் காயம். ஏப்ரல் நடுவில் முழு சீசனுக்கும் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். வேகப்பந்துக்கு வாங்கிய நியூசிலாந்துக்காரர் ஆடம் மில்ன் முதல் மேட்சிலேயே காயம்பட்டு வெளியே போனார். ஹேசல்வுட் பெங்களூருக்கும், ஷர்துல் தாக்கூர் டெல்லிக்கும் ஏலத்திலேயே போயாகிவிட்டது. 2021 கோப்பையை வென்ற வேகப்பந்துக் கூட்டத்தில் பெரும்பகுதி ஆடுகளத்துக்கு வரவேயில்லை.

இரண்டாவது, ஆரம்ப ஜோடி. 2021-ல் ருதுராஜ் கெய்க்வாட் 635 ரன், டு பிளெசி 633 ரன். அந்த சீசனின் முதல் இரண்டு இடமும் இவர்களுக்கு. 2022-ல் டு பிளெசி 7 கோடிக்குப் பெங்களூர் போய் அங்கே கேப்டனாகிவிட்டார். கெய்க்வாட்டின் முதல் ஐந்து ஆட்டம் 0, 1, 1, 16, 17. மொயின் அலிக்கு விசா தாமதமாகி முதல் மேட்ச் போச்சு.

அதாவது, போன வருஷம் ஜெயித்த அணி என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தது பேரளவில்தான் அந்த அணி. நான்கு பேரைத் தவிர எல்லோரையும் ஏலத்துக்கு விட்டாக வேண்டும் என்பது அந்த வருஷ விதி. ஜடேஜா, தோனி, மொயின் அலி, கெய்க்வாட் நாலு பேரைத்தான் வைத்துக்கொள்ள முடிந்தது. மிச்சத்தை ஏலத்தில் ஒட்டுப்போட்டார்கள். தோல்வி மார்ச்சில் தெரிந்தது. அதன் விதை பிப்ரவரியிலேயே விழுந்துவிட்டது. கேப்டன் யாராக இருந்திருந்தாலும் முதல் மாதம் தட்டுத்தடுமாறித்தான் போயிருக்கும்.

இங்கே ஒரு கணக்கு. எங்கள் ஆபீஸ் வாடிக்கையாளர்கள் பாஸ்டன்காரர்கள். ஏப்ரல் வந்தால் ராத்திரி கான்ஃபரன்ஸ் காலில் முதல் ஐந்து நிமிஷம் பேஸ்பால் புலம்பல்தான். அவர்கள் ஊர் அணி ரெட் சாக்ஸ் 2010-ல் 89 ஆட்டம் ஜெயித்த அணி. 2011-ல் பெரிய தொகை கொடுத்து ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வந்து, முதல் ஆறு ஆட்டத்திலும் தோற்றது. முதல் பன்னிரண்டில் இரண்டே வெற்றி. அதிலிருந்து எழுந்து கோடையில் அருமையாக ஆடி, கடைசியில் செப்டம்பரில் மறுபடி சரிந்து கடைசி நாள் இரவில் வெளியேறியது. 2019-ல் வாஷிங்டன் நேஷனல்ஸ் முதல் 50 ஆட்டத்தில் 31 தோற்று, அந்த வருஷமே உலகத் தொடர் கோப்பையைத் தூக்கியது. எப்படி முடிந்தது? பேஸ்பாலில் ஒரு சீசனுக்கு ஒரு அணி ஆடுவது 162 ஆட்டம். ஏப்ரலில் விழுந்தவன் எழுந்து, முகம் கழுவி, காபி குடித்துவிட்டு வந்தாலும் மிச்சம் நூறு ஆட்டம் இருக்கும்.

ஐ.பி.எல்.லில் 14. அதில் நாலு என்பது பேஸ்பாலில் 46 ஆட்டத்தை வரிசையாகத் தோற்றதற்குச் சமம். அதனால் நம் ரசிகனின் பதற்றத்தை நான் கேலி செய்யமாட்டேன். அவன் கணக்கு சரி. ஆள்தான் தப்பு.

மீண்டு வந்த கதைகளும் இல்லாமலில்லை. 2015-ல் மும்பை இந்தியன்ஸ் முதல் நாலு தோற்று, அந்த வருஷமே கோப்பையை எடுத்தது. நம் அணியே 2010-ல் நடுவில் தொடர்ந்து நாலு தோற்று, ஏழு மேட்சில் இரண்டே வெற்றியோடு நின்றது. பிறகு முரளி விஜய் சேப்பாக்கத்தில் 127 அடித்தார், தர்மசாலாவில் தோனி கடைசி ஓவரில் இர்ஃபான் பதானை அடித்துவிட்டுத் தன் ஹெல்மெட்டையே குத்திக்கொண்டார். ஃபைனலில் மும்பையை வென்று முதல் கோப்பை. அந்த ஃபைனல் நடந்த இடம்? நெருளின் இதே டி.ஒய். பாட்டீல் ஸ்டேடியம். அதனால்தான் 2022-ல் ஐந்தாவது மேட்ச் அங்கே என்றதும் எங்கள் பக்கத்தில் நப்பாசை தலைதூக்கியது. ஏப்ரல் 12 அன்று துபே 95, உத்தப்பா 88, மொத்தம் 216, பெங்களூருக்கு எதிராக 23 ரன்னில் வெற்றி. 'பார்த்தியா, 2010 திரும்புது' என்று நள்ளிரவில் போன் வந்தது.

திரும்பவில்லை. அந்த வருஷம் மொத்தம் நாலே வெற்றி, பத்து தோல்வி, ஒன்பதாவது இடம்.

வீட்டுக்குள் இதன் எடை எப்படியிருந்தது என்று சொல்கிறேன். வெளியூர்க் குடும்பங்களுக்கு இது புரியும். என் மகள் அப்போது ஆறாம் வகுப்பு. பிறந்தது மும்பை, படிப்பது இந்தியிலும் இங்கிலீஷிலும் மராத்தியிலும். தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஊருக்கு வருஷத்தில் பத்து நாள். 'நீ எந்த ஊர்' என்று கேட்டால் அவளிடம் இருக்கும் ஒரே உறுதியான பதில் அந்த மஞ்சள் பனியன்தான். நாலாவது தோல்விக்குப் பிறகு ஸ்கூல் வேனில் அந்தப் பனியனை வைத்துக் கேலி நடந்திருக்கிறது. கிரிக்கெட்டில் ஆரம்பித்த கேலி இட்லி, சாம்பார், அப்பாவின் இந்தி வரை போயிருக்கிறது. ராத்திரி சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டாள். "அப்பா, நாம இனிமே மும்பைக்கே சப்போர்ட் பண்ணிடலாமா?"

கேட்டதும் என் மனைவி தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். ஊரில் அம்மா கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ தெரியாது.

"தாராளமா பண்ணலாம்மா, உனக்குப் பிடிச்சா" என்றேன். "ஆனா அவங்க நிலைமையைப் பாத்தியா?"

அதுதான் அந்த வருஷத்தின் வேடிக்கை. மும்பை இந்தியன்ஸ் அதைவிட மோசம். முதல் எட்டு ஆட்டமும் வரிசையாகத் தோல்வி, கடைசியில் பத்தாவது இடம். அதுவரை ஒன்பது கோப்பைகளைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்ட இரண்டு அணிகள் பட்டியலின் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. எங்கள் மாடியில் எதிர் வீட்டு மராத்திக்காரர் பத்து வருஷமாக என்னை லிஃப்டில் வம்பிழுப்பவர். அந்த ஏப்ரலில் இரண்டு பேரும் லிஃப்டில் ஏறினால், துக்க வீட்டில் சந்தித்தவர்கள் மாதிரி தலையை மட்டும் ஆட்டிக்கொள்வோம். அவர் ரோஹித்தைத் திட்டுவார், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அப்போதுதான் எனக்குத் தெளிவானது. அவர் வீட்டிலும் ஏலத்தில் போன பௌலர்களைப் பற்றிப் பேச்சே இல்லை, கேப்டனைப் பற்றித்தான் பேச்சு. மொழி மட்டும்தான் வேறு.

ஏப்ரல் 30 அன்று மும்பை முதல் வெற்றியைப் பெற்றது. அதே நாளில் ஜடேஜா கேப்டன் பதவியைத் தோனியிடமே திருப்பிக் கொடுத்தார். எட்டு ஆட்டம், இரண்டு வெற்றி. பொறுப்பின் சுமை ஜடேஜாவின் ஆட்டத்தையே பாதித்தது என்ற பொருளில் தோனி மறுநாள் பேசினார். புள்ளிவிவரமும் அதைத்தான் சொன்னது. அந்த சீசனில் பத்து ஆட்டத்தில் ஜடேஜா 116 ரன், 5 விக்கெட். சுலபமான கேட்சுகளை அந்தக் கைகள் விட்டன. பிறகு விலா எலும்பில் காயம், சீசன் முடிந்தது. மே 12 அன்று வான்கடேயில் மும்பைக்கு எதிராக 97 ரன்னுக்கு ஆல் அவுட். மின்சாரக் கோளாறால் ஆரம்பத்தில் ரிவ்யூ கேட்கக்கூட வழியில்லை. அத்தோடு கணக்குப்படியும் வெளியே.

ஆனால் நாம் யாரும் கவனிக்காத சில சங்கதிகள் அதே இரண்டு மாதத்தில் நடந்தன. மூன்று ஆட்டத்தில் ஒற்றை இலக்கத்தோடு போன கெய்க்வாட், சொந்த ஊரான புனேயில் 73, பிறகு 99 அடித்தார். அந்த 99-ல் கூட்டாளி டெவன் கான்வே, இருவரும் சேர்ந்து 182. 25 ரன் கொடுத்துத் திட்டு வாங்கிய துபே, 95 அடித்துத் தன் இடத்தைப் பிடித்தார். காயம்பட்ட மில்னுக்குப் பதிலாக வந்த இலங்கைப் பையன் மதீஷா பத்திரானா, மே 15 அன்று தன் முதல் பந்திலேயே சுப்மன் கில்லை எடுத்தார். எல்லாம் தோற்ற மேட்சுகளுக்கும் பிழைத்த மேட்சுகளுக்கும் நடுவே நடந்தவை.

2023 மே 29, அகமதாபாத். மழையால் ஒரு நாள் தள்ளிப்போன ஃபைனல், மறுபடியும் மழை, முடியும்போது தேதி 30 ஆகிவிட்டது. எதிரணி குஜராத்துக்காக 96 அடித்தவர் நம் சென்னைப் பையன் சாய் சுதர்சன். (யாருக்குக் கைதட்டுவது என்று அன்றைக்குப் பல தமிழ் வீடுகளில் குழப்பம்.) 15 ஓவரில் 171 வேண்டும். கான்வே, கெய்க்வாட், துபே எல்லோரும் பங்கு போட்டார்கள். கடைசி இரண்டு பந்தில் பத்து ரன். ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி. அடித்தவர் ஜடேஜா. தோனி அவரை அப்படியே தூக்கிக்கொண்டார்.

இதைப் 'பொறுத்தார் பூமி ஆள்வார்' கதையாக முடித்துவிடலாம். ஆனால் அதே 2023 சீசனில்தான், ஜடேஜா அவுட் ஆனால் தோனி வருவார் என்று நம் கூட்டமே காத்திருந்தது. அதை அவரே ஒரு மேட்ச் முடிந்ததும் சிரித்துக்கொண்டே சொன்னார். கோப்பைக்கு அடுத்த 2024-ல் ஐந்தாவது இடம். 2025-ல் மறுபடி நாலே வெற்றி, இந்த முறை பத்தாவது, கடைசி இடம். வரிசையாக ஐந்து தோல்வி. கெய்க்வாட்டுக்கு முழங்கையில் எலும்பு முறிவு. மறுபடி அதே ஓட்டல், அதே காபி, கேப்டன் பெயர் மட்டும் வேறு. அந்த வருஷக் கடைசியில் ஜடேஜா ராஜஸ்தானுக்குப் போய்விட்டார்.

என் மகள் அணி மாறவில்லை. பனியன் சின்னதாகிவிட்டது, அதைவிடப் பெரிய அளவில் ஒன்று வாங்கினோம். இப்போது வேனில் கேலி வந்தால் அவளிடம் ஒரு கேள்வி இருக்கிறது. "உங்க டீம்ல புதுப் பந்து யாரு போடறா, சொல்லு?" பாதிப் பேருக்குப் பதில் தெரிவதில்லையாம்.